நான்காம் பாடத்தில் எங்கள் வீடு

சொந்தக் குரலைப் பதிவு செய்து கேட்பதைப் போன்ற தண்டனை வேறு இல்லை. நம் காதுக்குள் கணீரென்று ஒலிக்கிற குரல், போனிலிருந்து வரும்போது சளி பிடித்த ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கும். அதனால், நான் பதிவு செய்த எதையும் திரும்பப் போட்டுக் கேட்பதில்லை என்று ஒரு கொள்கை வைத்திருந்தேன். அந்தக் கொள்கைதான் எங்கள் குடும்ப மானத்தைக் கப்பலேற்றியது.

அப்போது நான் பொருளாதாரப் படிப்பை முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தேன். பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடப்புத்தகத்தை வாசித்துப் பதிவு செய்து தர ஆள் தேவை என்று தோழி ஒருத்தி சொன்னாள். வாசிப்பதுதானே, நாக்கு ஒன்றும் தேய்ந்துவிடாது என்று ஒப்புக்கொண்டேன். எனக்கு வந்தவள் பாண்டிச்செல்வி. உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண், பிறவியிலேயே கண் தெரியாது. மதுரை கே.கே. நகரில் ஒரு விடுதியில் தங்கிப் பொருளாதாரம் படித்தாள். எல்லாத் தாளும் தேறி, ஒன்று மட்டும் நின்றுவிட்டது. அது தேறினால்தான் பி.எட். சேர முடியும், டீச்சராக முடியும். புத்தகமோ பழைய ஜெராக்ஸ் பிரதி. போனில் வாசித்துக் காட்டுகிற மெஷின் குரல் அதைப் பார்த்ததும் உளற ஆரம்பித்துவிடும். ஆக, நான்தான் கதி. (பாவம் அந்தப் பிள்ளை என்று நீங்கள் இப்போதே சொல்லலாம்.)

எங்கள் வீடு செல்லூரில், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்தில் இருக்கிறது. பக்கத்து வீட்டில் விசைத்தறி. அது ஓடும்போது வீட்டுக்குள் பேசுவதே கேட்காது, இதில் எங்கே பதிவு செய்வது? தறி ஓய்வது தறிக்காரர்கள் சாப்பிடப் போகும்போது மட்டும்தான். அதே நேரத்தில்தான் எங்கள் வீட்டிலும் சாப்பாடு. எங்கள் வீட்டில் சாப்பாடு என்றால் சண்டை என்று பொருள்.

நாங்கள் சௌராஷ்டிரா. வீட்டுக்குள் எங்கள் பாஷை, வாசலைத் தாண்டினால் தமிழ். எங்கள் பாஷையில் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்குப் புரியாது என்பது எங்கள் ஆட்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. டவுன் பஸ்ஸில் எதிரே நிற்பவரின் சட்டையைப் பற்றி, அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, கொஞ்சமும் கூச்சமில்லாமல் பேசுவோம். மதுரையில் எங்கள் ஆட்கள் எம்புட்டுப் பேர் இருக்கிறார்கள் என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வராது.

முதல் மூன்று பாடங்கள் ஒழுங்காகப் போயின. நான்காம் பாடம் வாசிக்கும்போது, அம்மா தோசை சுட ஆரம்பித்தாள். சத்தம் விழக்கூடாதே என்று பட்டனை அழுத்தி நிறுத்தினேன். நிறுத்தியதாக நினைத்தேன். சட்னிக் கை, அது சரியாகப் படவில்லை. சண்டை முடிந்ததும் மறுபடி அழுத்தி வாசித்தேன். இப்போதுதான் அது நின்றது. அன்று முழுக்க இதே கூத்து. நான் வாசித்ததெல்லாம் காற்றோடு போக, நான் வாயை மூடிய நேரமெல்லாம் பதிவாகியிருக்கிறது. நான் கேட்டுப் பார்ப்பேனா? கொள்கை இருக்கிறதே. அப்படியே அனுப்பிவைத்தேன்.

பரீட்சைக்கு மூன்று நாள் இருக்கும்போது, நன்றி வாங்கிக்கொள்ளலாம் என்று விடுதிக்குப் போனேன். என் குரல் கேட்டதும் அறையில் இருந்த ஐந்தாறு பெண்கள் கப்பென்று பேச்சை நிறுத்தினார்கள். பிறகு பாண்டிச்செல்வி கேட்டாள்.

"அக்கா, உங்க அண்ணனுக்கு அந்தத் திருநகர்ப் பொண்ணு அமைஞ்சிருச்சா, இல்லையா? அதச் சொல்லிட்டு உக்காருங்க."

அண்ணன் ஒரு பெண்ணைப் பார்த்து மயங்கியதும், அவர்கள் வீட்டுக் கேசரியில் ஒரு முந்திரிகூட இல்லை, கஞ்சக் குடும்பம் என்று அம்மா மறுத்ததும் எங்கள் பாஷையில் அல்லவா நடந்தது? அதற்கும் பதில் அங்கேயே உட்கார்ந்திருந்தது. ஹேமா என்று ஒரு பெண், மகால் பக்கத்துச் சௌராஷ்டிரா வீட்டுப் பிள்ளை. காலையிலிருந்து அத்தனை பேருக்கும் வரிக்கு வரி தமிழில் சொல்லியிருக்கிறாள். (அம்மா குரலில் பேசியும் காட்டினாளாம்.) நான் வாசிப்பதைக் கேட்டால் அந்தப் பிள்ளைகள் பரீட்சைக்கே போகாமல் தூங்கிவிடுவார்கள் என்று அம்மா சொன்னதும், "பாவம்மா அதுக, நம்மள விட்டா அதுகளுக்கு யாரு இருக்கா" என்று நான் பெரிய மனுஷி மாதிரி பதில் சொன்னதும் அதில் அடக்கம்.

"பாவம் நாங்க இல்லக்கா," என்றாள் பாண்டிச்செல்வி. "உங்க அண்ணன்தான். முந்திரிப்பருப்புக்காக ஒரு மனுசனுக்குக் கல்யாணம் நிக்கலாமா?"

சிரிப்பு அடங்கியதும்தான் விஷயம் உறைத்தது. நான்காம் பாடம் இல்லை. போன பரீட்சையில் அவள் காலை வாரியதும் அந்தப் பாடம்தானாம். ஒரு பெண்ணின் வருஷத்தையே கெடுத்துவிட்டேனே என்று அழுகையே வந்தது. புத்தகத்தை எடுத்து, அங்கேயே தரையில் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தேன். குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி. ஒரு பொருளை அடுத்தடுத்து நுகரும்போது அதனால் கிடைக்கும் பயன் குறைந்துகொண்டே போகும்.

பாண்டிச்செல்வி கையைத் தூக்கி என்னை நிறுத்தினாள். "இது உங்க அண்ணன் தோசைல்லக்கா? மொத தோசைக்குச் சத்தமே இல்ல. ரெண்டாவதுக்கு உம்முனு ஒரு சத்தம். மூணாவது தோசை வேணாம்னுதான சண்டையே ஆரம்பிச்சாரு."

நான் அந்தப் பக்கத்தைக் கல்லூரியில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவள். அது ஒரு தோசைக் கல்லில் நடக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு எனக்கும் ஆசை தொற்றிக்கொண்டது. விலை ஏறினால் வாங்குவது எவ்வளவு குறையும் என்கிற தேவை நெகிழ்ச்சிக்கு, எவ்வளவு ஏறினாலும் தக்காளியை விடாத அம்மாவைப் பிடித்தோம். பதிலீட்டுப் பொருளுக்கு, காப்பித்தூள் தீர்ந்து டீ போட்டுக் கொடுத்த அன்று அப்பா வாயே திறக்காத கதையைச் சொன்னேன். அந்தப் பெண்கள் விடாமல் குடைந்தார்கள். அப்பா டீ குடித்தாரா, இல்லையா? குடித்தாரென்றால் அது பதிலீடுதானா? எனக்கே தெரியவில்லை.

நேரமாகிறதே என்று அம்மா போன் செய்தாள். நடந்ததைச் சொன்னேன். எம்புட்டுக் கேட்டார்கள் என்று கேட்டாள். எல்லாம் என்றேன். இதற்குள் பாண்டிச்செல்வி போனை வாங்கி, அண்ணனுக்கு அந்தப் பெண்ணையே முடித்துவைக்கும்படி நேராகவே கேட்டுவிட்டாள். வேண்டாததைத் தள்ளிப்போட அம்மாவுக்கு ஒரு வழி உண்டு.

"மொதல்ல நீ பாஸ் பண்ணு கண்ணு. அப்புறம் பேசலாம்."

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அண்ணனுக்குப் பொருளாதாரத்தின் மேல் பக்தி வந்துவிட்டது. படித்தாளா, தூங்கினாளா, தலைவலி ஏதும் உண்டா என்று என்னைத் துளைத்தெடுத்தான். பரீட்சையன்று பாண்டிச்செல்வி சொல்லச் சொல்ல எழுத ஒருவர் வந்திருந்தார். அவர் கையெழுத்து எப்படி என்று விசாரிக்கச் சொன்னான். முடிவு வரும்வரை சட்டை தொளதொளக்க இளைத்துப் போனான்.

பாண்டிச்செல்வி தேறினாள். எனக்குப் போன் செய்து, என்னிடம் பேசாமல் அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள். "பாஸ் பண்ணிட்டேன்மா. இனி உங்க பேச்சுதான்" என்றாள். அம்மா முந்திரியை மறந்து திருநகருக்குச் சம்மதம் சொல்லி அனுப்பினாள். தை மாதத்தில் கல்யாணம் நடந்தது.

பாண்டிச்செல்வி இப்போது டீச்சர். அவள் வகுப்பில் ஒரு வீட்டுச் சண்டையாவது இல்லாமல் பாடம் நகராதாம். இங்கே, என் அண்ணனோடு சண்டை முற்றும்போதெல்லாம் அண்ணி அவளுக்குத்தான் போன் போடுவாள். வீடே சிரிக்கக் காத்திருக்கும்.

"எல்லாம் உங்களாலதான் டீச்சர். அன்னைக்கு நீங்க பெயிலாகியிருக்கக் கூடாதா?"