பிடில் அண்ணன் எனக்குச் சொல்லாத இங்கிலீஷ்

என்னைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நீங்கள் பார்த்திருக்க முடியாது. அரியலூரில் பாதிப் பேர் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தவன் நான். அதே ஊசியை யாராவது என் பக்கம் திருப்பினால், குத்துவதற்கு முன்பே மயங்கி விழுந்து அவர்கள் வேலையைச் சுலபமாக்கிவிடுவேன். "எறும்பு கடிச்ச மாதிரிதாங்க இருக்கும்" என்று எல்லோருக்கும் தைரியம் சொல்லுவேன். வீட்டில் எறும்பு கடித்தால் நான் போடும் சத்தம் என் மனைவிக்குத்தான் தெரியும்.

இந்த வீரத்தோடு, தொண்ணூறுகளின் கடைசியில், அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நர்சிங்ஹோமில் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். அங்கே நோயைக் குணமாக்குவது டாக்டர்தான் என்று நம்பிய ஒரே ஆள், டாக்டர். மீன்சுருட்டியிலிருந்து தா.பழூர் வரைக்கும் மற்ற எல்லோரும் நம்பியது, வாசலில் டோக்கன் கொடுத்த பிடில் அண்ணனை.

அவருடைய நிஜப் பெயர் சம்பளம் கொடுக்கிற மேனேஜருக்கே மறந்து போயிருந்தது. இளவயதில் திருச்சி பொன்மலையில், ரயில்வே காலனியில் ஒரு ஆங்கிலோ இந்தியன் நர்ஸம்மா வீட்டில் தோட்டவேலை பார்த்திருக்கிறார். அங்கே கற்றுக்கொண்டது ரோஜாப் பதியன் போடவும், உடம்பைப் பற்றி இங்கிலீஷில் பேசவும். வேறு எதைப் பற்றியும் அவருக்கு இங்கிலீஷ் வராது. மணி கேட்டால் தமிழில்தான் சொல்லுவார். உடம்பைக் கேட்டால் மட்டும் சீமைத்துரை இறங்கிவிடுவார்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, மருந்துச் சீட்டை வாங்கி ஒரு பார்வை பார்த்து, ஆளுக்கேற்றபடி ஒன்று சொல்லுவார். சளிக் காய்ச்சல்காரருக்கு, "அண்டர் தி வெதர். ரெண்டு நாள் படுத்தா போயிடும்." தேறி வருகிறவருக்கு, "ஆன் தி மெண்ட்." தையல் பிரித்துவிட்டு நடந்து வருகிறவருக்குத்தான் உச்சபட்ச விருது. எழுந்து நின்று, நெஞ்சை நிமிர்த்தி, "ஃபிட் ஆஸ் எ ஃபிடில்!" என்பார். சுருதி சேர்த்த பிடில் மாதிரி உடம்பு கச்சிதமாக இருக்கிறது என்று அர்த்தமாம். அந்தப் பெயர் அப்படி வந்ததுதான்.

ஒருமுறை தா.பழூர் பெரியவர் ஒருவரிடம், "ரைட் ஆஸ் ரெயின்" என்றார்.

"அப்படின்னா என்னாங்க தம்பி?"

"மழை கணக்கா சரியாயிடுவீங்கன்னு அர்த்தம்."

பெரியவர் முகம் விழுந்துவிட்டது. "மழையே இந்தப் பக்கம் சரியா வந்து நாலு வருசமாச்சே தம்பி. வேற ஏதாச்சும் நல்லதா சொல்லுங்களேன்!"

அண்ணன் யோசித்து, ஃபிடிலையே கொடுத்து அனுப்பினார். பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

அவருக்கே சர்க்கரை உண்டு. இனிப்பைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் எதிர்க்கடை டீ வந்ததும், மேலே சர்க்கரை மிதக்கிற அந்த கிளாஸைத் தூக்கிப் பிடித்து, "ஜஸ்ட் வாட் தி டாக்டர் ஆர்டர்ட்" என்பார். டாக்டர் சொன்னபடிதான் குடிக்கிறாராம்! உள்ளே இருந்து டாக்டர் இருமுவது கேட்கும்.

ஆனால் ஒன்று உண்டு. எல்லோருக்கும் அந்த இங்கிலீஷ் கிடைக்காது. டாக்டர் கைவிரித்து, ஒருவரைத் தஞ்சாவூருக்குக் கொண்டு போகச் சொல்லிவிட்டார் என்றால், அண்ணன் வாயில் இங்கிலீஷ் வராது. பையை அவரே வாங்கிக்கொள்வார். பஸ் வரைக்கும் கூட நடப்பார். ஜன்னலோரத்தில் உட்கார வைத்து, "பாத்துப் போயிட்டு வாங்க" என்று தமிழில் சொல்லுவார். இது எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. இங்கிலீஷ் கிடைத்தால் பிழைத்தோம், தமிழ் கிடைத்தால் சந்தேகம் என்று ஜனங்களே ஒரு கணக்கு வைத்துக்கொண்டார்கள்.

டாக்டருக்கு ஒருநாள் ரோஷம் வந்துவிட்டது. "இது ஆஸ்பத்திரியா, நாடகக் கொட்டகையா? இனிமே டோக்கன் மட்டும் குடுங்க. வாயத் தொறக்கக் கூடாது!" என்றார். அண்ணன் தலையாட்டிவிட்டு வாயை மூடினார்.

பகலுக்குள் பெஞ்சு நிறைந்துவிட்டது. வைத்தியம் முடிந்த யாரும் வீட்டுக்குப் போகவில்லை. மீன்சுருட்டியிலிருந்து வந்த ஒரு அக்கா, காய்ச்சல் விட்டுத் தெளிவாக உட்கார்ந்திருந்த புருஷனைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டது.

"எம் புருசனுக்கு இங்கிலீசு சொல்லலையே! மறைக்கிறாங்களே! நான் என்னா பண்ணுவேன்!"

புருஷனுக்கும் கிலி பிடித்து, திரும்பவும் உடம்பு சுட ஆரம்பித்தது. டாக்டர் ஓடி வந்தார். "அம்மா, ஒண்ணுமில்லம்மா. ஹி வில் பி ஆல்ரைட்!"

அக்கா அழுகையை நிறுத்தி, டாக்டரை மேலும் கீழும் பார்த்தது. "இது சும்மா இங்கிலீசுங்க. எங்களுக்கு அவரு இங்கிலீசு வேணும்."

லண்டன் போய்ப் படித்துவிட்டு வந்த டாக்டர், டோக்கன் மேசையைப் பார்த்து, "சொல்லித் தொலைங்களேன்யா" என்றார். அண்ணன் எழுந்தார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார், ஃபிடிலை வாசித்தார். அக்கா கண்ணைத் துடைத்தது. புருஷன் தானே நடந்து போய் ஜெயங்கொண்டம் பஸ் ஏறினார். லேப் கதவைப் பிடித்துக்கொண்டு நான் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த டெஸ்ட் ட்யூப் விழுந்து உடைந்தது.

சிரித்தேனா? அடுத்த மாசமே எனக்கு வயிற்று வலி வந்தது.

டாக்டர் வயிற்றை அழுத்தினார். நான் போட்ட அலறலில் சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று வெளியே பிரேக் போட்டது. "அப்பெண்டிக்ஸ். இன்னைக்கே எடுத்துடலாம். தினம் பண்றதுதான்யா, பயப்படாத" என்றார்.

எத்தனையோ பேருக்கு ஆபரேஷன் செய்த டாக்டர் அவர். ரத்த டெஸ்ட் செய்து கொடுத்ததே நான்தான். ஆனாலும் டாக்டர் சொன்னது என் காதில் ஏறவில்லை. ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்து, வழியில் டோக்கன் மேசைப் பக்கம் கொண்டு வந்தார்கள். என் கண் பிடில் அண்ணன் வாயிலேயே இருந்தது. ஃபிடில் வேண்டாம், அவ்வளவு பேராசை எனக்கு இல்லை. ஒரு அண்டர் தி வெதர் போதும்.

அண்ணன் எழுந்து வந்தார். என் கைக்கடிகாரத்தைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டார். நெற்றி வியர்வையைத் தன் துண்டாலேயே துடைத்தார்.

"அண்ணே, நான் ஃபிட்டாதானே இருக்கேன்?" என்று எடுத்துக்கொடுத்தேன்.

"ஃபிட்டா இருந்தா ஏன்டா இதுல படுத்துருக்க?"

"இல்லண்ணே, அந்த... ரெயினு... ஏதாச்சும் ஒண்ணு..."

"வலிக்கத்தான்டா செய்யும். பல்லக் கடிச்சுக்க. நான் வெளிலதான் உக்காந்துருப்பேன்."

அத்தனையும் தமிழ்! சுத்தமான, கலப்படமில்லாத தமிழ்! போதாததற்கு, ஸ்ட்ரெச்சரைத் தியேட்டர் கதவு வரைக்கும் அவரே தள்ளிக்கொண்டு வந்தார். பஸ் வரைக்கும் கூட நடந்த மாதிரியேதான். என் கதை முடிந்தது என்று தெரிந்துகொண்டேன். மனைவிக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் மனதில் வரிசைப்படுத்தினேன். ஊசியைப் பார்த்ததும் வரிசை கலைந்து மயங்கிவிட்டேன். மயக்க மருந்துக்கு முன்பே மயங்கிய நோயாளி என்று டாக்டர் பல காலம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கண் விழித்தபோது சாயங்கால வெயில் ஜன்னலில் இருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் பிடில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு டோக்கன் மேசையில் ஆளே இல்லையாம். ஜனங்கள் அவர்களாகவே வரிசையில் நின்று, இங்கிலீஷ் இல்லாமலே வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். டீ கிளாஸ் அவர் பக்கத்தில் ஆறிப்போய் ஆடை கட்டிக் கிடந்தது. என் கடிகாரம் அவர் கையில் இருந்தது.

"இருக்கேனாண்ணே?"

"இருக்க, இருக்க. சத்தம் போடாத, தையல் பிரிஞ்சுடும்."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "ஊர்ல போறவன் வர்றவனுக்கெல்லாம் இங்கிலீஷ்ல அள்ளி வீசுறீங்க. எனக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லலையேண்ணே. செத்துடுவேன்னு நெனச்சீங்களா?"

அவர் கடிகாரத்தை என் கையில் கட்டிவிட்டு, வாரை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"வூட்டு ஆளுகிட்ட எவன்டா இங்கிலீஷ் பேசுவான்?"