சுறாக் கருவாடும் பிள்ளையார் பூசணியும்

புது மாப்பிள்ளைக்குப் புத்தி வருவதற்கு முன்னால் யோசனை வந்துவிடும். எனக்கு வந்த யோசனையின் நாற்றம் கரடியனாற்றில் இன்றுவரை பேச்சில் இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். மாங்கேணிக் கடற்கரையில் மீனோடு வளர்ந்த நான் அப்படித்தான் கரடியனாறு ஊரில் இருந்த வசந்தியின் வீட்டுக்குப் போனேன். வீட்டுக்குப் பின்னால் அவளுடைய பூசணித் தோட்டம். முந்தின போகத்தில் பழ ஈ பிஞ்சுகளைக் குத்தி முட்டையிட்டதில், வெளியே மினுங்கிய காயெல்லாம் உள்ளே புழு. அதனால் அவள் நேத்தி வைத்திருந்தாள். இந்த முறை தப்பினால் முதல் காய்கள் ஊர்ப் பிள்ளையார் கோயில் அன்னதானத்துக்கு.

"சாமிக்குச் சொன்ன சொல்லு. புழுக்காய் குடுக்க ஏலாது" என்பாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். (சும்மா இருக்கிற மாப்பிள்ளையை யாரும் திட்டுவதில்லை.) போனில் ஒரு வீடியோ பார்த்தேன். பையில் ஊசித்துளைகள் போட்டு, நனைத்த கருவாட்டுத் துண்டு ஒன்றை உள்ளே வைத்துத் தொங்கவிட்டால், மணத்துக்கு வரும் ஈ உள்ளே போய் அகப்படுமாம். கருவாடா? அதை எனக்கா சொல்லித் தருகிறார்கள்?

வசந்தி சந்திக் கடைக்குப் போன நேரம் பார்த்து வேலையைத் தொடங்கினேன். அம்மா கொடுத்துவிட்ட சுறாக் கருவாடு முழுவதையும் ஊறவைத்தேன். ஊசித்துளையால் என்ன பெரிய மணம் வந்துவிடும் என்று பெருவிரல் போகிற அளவுக்கு ஓட்டை போட்டேன். தோட்டம் முழுக்கக் கம்பு நட்டுப் பைகளைக் கட்டினேன்.

ஈ வந்தது, பொய் சொல்லக்கூடாது. ஈக்குப் பின்னால் ஊர் நாய்களும் வந்தன. கம்புகளைச் சாய்த்து, பைகளைக் கிழித்து, கொடிமேல் புரண்டு சண்டை பிடித்தன. கருவாட்டுத் தண்ணீர் பூசணியெல்லாம் வடிந்தது. ஒரு கிழட்டு நாய் வயிறு நிறைந்து, பூசணி ஒன்றைக் கட்டிப்பிடித்துப் படுத்தேவிட்டது. நான் முற்றம் கூட்டுகிற தும்புத்தடியோடு கிணற்றுக்கட்டில் ஏறி நின்றேன்.

அந்த நேரம்தான் வசந்தி திரும்பி வந்தாள், கூடவே கோயில் பொறுப்பைப் பார்க்கிற வண்ணக்கரும். நேத்திக் காயைப் பார்க்க வந்த மனிதர் சால்வையால் மூக்கைப் பொத்தினார்.

"இதென்ன மனே, மீன் சந்தையா?"

நாய்களின் தலையில் பழியைப் போடலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் வசந்தி சொல்லிவிட்டாள். "இவர்தான் ஈ பிடிக்கக் கருவாடு கட்டியிருக்கார். அதுக்கு நாய் வந்திட்டு." பொய்யும் இல்லை, கோபமும் இல்லை.

"கருவாட்டுத் தண்ணி பட்ட காயக் கோயிலுக்கு எடுக்க ஏலாதே புள்ள."

வந்து சில மாதங்களில் பெண்டாட்டியின் நேத்தியைக் குழப்பியவன் என்று பேர் வாங்கியாகிவிட்டது.

"சாமிட காய் வேற" என்றாள் வசந்தி.

நான் எட்டிப் பார்க்காத முள்வேலிப் பக்கம் போய் இலைகளை விலக்கினாள். வெள்ளைத் துணிக்குள் பூசணிகள், துப்புரவாக. "பூ வாடின உடன சுத்திக் கட்டினது. ஈயும் தொடல்ல, நாயும் தொடல்ல."

ஒரு காயில் பொத்தான் இருந்தது. அடுத்ததில் சட்டைப்பை. அந்தப் பையை எனக்குத் தெரியும். ஒரு மாதமாக நான் தேடிக்கொண்டிருந்த வெள்ளைச் சட்டை, என் கல்யாணச் சேட்டு! கேட்கும்போதெல்லாம் "எங்கயும் போகாது" என்றாளே, உண்மையாகவே எங்கேயும் போகவில்லை.

வண்ணக்கர் சிரித்த சிரிப்பில் சால்வை விழுந்தது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. பிள்ளையாரிடம் நேத்தி வைத்துவிட்டு, காவலைத் தானே பார்த்துக்கொண்ட பெண் அவள். இப்படி ஒருத்தி எனக்குக் கிடைத்தாளே என்று கிணற்றுக்கட்டில் நின்றபடியே பெருமைப்பட்டேன். (நாய்கள் போகும்வரை இறங்கவும் வழியில்லை.)

அன்னதானத்தில் பூசணிக் கறி தித்தித்தது. இப்போதும் அன்னதானம் வந்தால் வண்ணக்கர் கேட்பார்: "மாப்பிள்ள, இந்த முறை பூசணிக்கு என்ன சேட்டு?"

அவரையாவது சமாளிக்கலாம். எங்கள் மகள் வருகிறவர்களுக்கெல்லாம் கல்யாணப் படத்தைக் காட்டி விளக்கம் சொல்கிறாள்: "இது அம்மா. இது அப்பா. அப்பா போட்டிருக்கிறது பூசணிட சேட்டு."