கப்டனின் யன்னல் கதிரை

மானிப்பாயில் கப்டனைப் போல விமானம் ஓட்டியவர் எவருமில்லை. ஆனால் அவர் ஏறிய அதிகபட்ச உயரம், ஓடு மாற்றுவதற்காக ஏறிய தன் வீட்டுக் கூரைதான்.

அவர் நடத்திய ரியூட்டரி என்ற தனியார் வகுப்பில் நான் ரைப்பிங் ரீச்சர். அடுத்த அறையில், கனடாவிலிருந்து அவருடைய மகள் அனுப்பிய கொம்பியூட்டர் இருந்தது. அதில் என்னென்னவோ செய்யலாமாம். கப்டன் விமானம் ஓட்டும் விளையாட்டைத் தவிர வேறொன்றையும் தொட்டது கிடையாது. கரண்ட் வந்தால் போதும், மனுசன் வானத்தில்தான்!

விளையாட்டென்று நாங்கள் சிரித்தோம். காரியம் வேறு. மகளுக்குப் பிள்ளைப்பேறு நெருங்கிக்கொண்டிருந்தது. கூடப்போய் நிற்க அவர் மனைவி மனோன்மணி அக்காவுக்கு மட்டும் விசா கிடைத்தது. போர்க்காலம்; விமானச் சத்தம் கேட்டால் குண்டுக்குப் பயந்து பங்கருக்குள் ஓடுவதுதான் அப்போது எங்கள் பழக்கம். விமானத்துக்குள்ளேயே ஏறி உட்காருவதென்றால்?

"சாகிறதெண்டால் இஞ்சையே சாகிறன்" என்றுவிட்டார் அக்கா.

"பிள்ளை அங்கை தனியக் கிடந்து அந்தரிக்கிறாள், நீர் இஞ்சை சாகப்போறீரோ?" என்று சீறினார் கப்டன். அன்றே பயிற்சி தொடங்கியது.

முதலில் திரையில் விமானியின் பார்வை. ஓடுபாதை நேரே பாய்ந்து வந்தது.

"ஐயோ, உதை நானே ஓட்டவேணும்?" என்று அக்கா எழுந்துவிட்டார்.

நியாயம்தானே. அந்த விளையாட்டில் கமராவை நமக்கு வேண்டிய இடத்தில் வைக்கலாம். கப்டன் சோறு தண்ணியை மறந்து, இறக்கைக்குச் சற்றுப் பின்னாலிருந்து கீழே பார்க்கும் பார்வையொன்றை அமைத்தார். மட்டையில் யன்னல் வெட்டித் திரையில் ஒட்டினார். முன்னால் இரண்டு கதிரை. பெல்ட்டுக்குப் பழைய சைக்கிள் ரியூப். யன்னலோரம் அக்கா, பக்கத்தில் கப்டன். அவருடைய தொந்திக்குக் குறுக்கே முடிச்சுப் போட அவருக்கு வராது, அக்காதான் கட்டிவிடுவார்.

மெல்ல மெல்ல அக்கா கண்ணைத் திறந்தார். "ஒரு கிணறும் காணேல்லை, என்ன ஊரப்பா உது?" என்று குறை சொல்லுமளவுக்குத் தேறிவிட்டார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மனுசனுக்குப் பெருமை பிடித்துவிட்டது. "ரீச்சர், வாரும்! வெளியிலையிருந்து பாத்தால் பிளேன் என்ன வடிவெண்டு காட்டிறன்" என்று என்னையும் கூப்பிட்டு, கமராவைத் தரையில் வைத்து, விமானத்தை நேரே எங்களை நோக்கி வரவிட்டார். ஒரு புள்ளி. பெரிதாகிக்கொண்டே வந்தது. இரைச்சலும் கூடியது.

பார்த்தால், நான் மேசைக்குக் கீழே கிடக்கிறேன். பக்கத்தில் அக்கா, ரியூப்பை எப்படி உருவிக்கொண்டு வந்தாரோ தெரியாது. அவருக்குப் பக்கத்தில், கட்டிய கதிரையோடு சேர்த்துக் கப்டன். மேலே விமானம் ஓட்ட ஆளில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

"என்ரை பிளேனுக்கு நானே ஒளிச்சிட்டன்" என்றார் கப்டன். எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா அழுதார். "நான் ஏறமாட்டன்."

கப்டன் எழுந்து முதல் வேலையாக அந்தப் பார்வையை அழித்தார். "இஞ்சேரும், கீழை நிண்டு பாக்கிற ஆக்களுக்குத்தான் உந்தப் பயம். உள்ளை இருக்கிற ஆளுக்கு யன்னலும் பக்கத்துச் சீற்றும்தான். அதிலை நான் இருக்கிறன் எண்டு நினையும்."

கடைசியில் அக்கா விமானம் ஏறிப் போனார்.

பேரன் பிறந்த செய்தியோடு அக்கா பேசிப் பதிந்த கசெற் ஒன்று வந்தது. கப்டன் அதை எங்கள் எல்லோருக்கும் போட்டுக் காட்டினார். "இஞ்சருங்கோ, நான் கண்ணை மூடவே இல்லை. பக்கத்திலை ஒரு வெள்ளைக்காரன். பழக்கத்திலை அவனுக்கும் பெல்ட்டைக் கட்டிவிட்டிட்டன். பாவம், பேசாமல் இருந்தான்."

வகுப்பே சிரித்தது. "நல்லா இறுக்கியிருப்பா" என்று கப்டன் கண்ணைத் துடைத்தார்.

அதன்பிறகும் தினமும் பறந்தார், அதே பார்வையில், யன்னல் கதிரையைக் காலியாக விட்டு. ஒருநாள் அதில் உட்காரப் போனேன்.

"அது அவவின்ரை சீற், ரீச்சர்."

"சரி அண்ணை, பெல்ட்டையாவது கட்டுங்கோவன்."

"அவ வந்து கட்டட்டும்."

அன்றைக்கு முழுக்கக் கரண்ட் போகக்கூடாதென்று மருதடிப் பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டு நான் ரைப்பிங் அறைக்குப் போனேன்.