துரு சாரும் நண்டு ரோபோவும்

கடலூர் மாவட்டத்தில் இரும்பால் செய்த பொருள் எதுவாக இருந்தாலும் துரு சார் அதை ஒரு தடவையாவது தட்டிப் பார்த்திருப்பார். அவர் தட்டாமல் விட்டது ரயிலை மட்டும்தான். அதுவும் அது நிற்காமல் போய்விட்டதால்.

ஊர் அண்ணாகிராமம். வயது ஐம்பத்தெட்டு. சாப்பாட்டுப் பையில் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சுத்தியல் இருக்கும். ஆபீசில் புது நாற்காலி போட்டால், உட்காருவதற்கு முன் அதன் காலை நகத்தால் சுரண்டுவார். பஸ்ஸில் ஏறுமுன் படியைத் தட்டுவார். ஒரு நாள் கண்டக்டர், "ஏறப் போறியா, இல்ல பஸ்ஸ வெலைக்கு வாங்கப் போறியா பெருசு?" என்று கேட்டாராம். "இந்தப் படியோட சும்மா குடுத்தாலும் எனக்கு வாணாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்தார். அன்று ஆபீசுக்கு அரை மணி நேரம் தாமதம்.

தங்கச்சி மகனுக்குப் பெண் பார்க்கச் சிதம்பரம் போன கதையை அவரே சொல்லியிருக்கிறார். எல்லோரும் உள்ளே போய் பஜ்ஜி சாப்பிடும்போது இவர் மட்டும் வாசலில் கேட்டைத் தட்டிக்கொண்டிருந்தார். பெண்ணின் அப்பா வெளியே வந்து, பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று பணிவாகக் கேட்டார். "பொண்ணு தங்கமான பொண்ணு. கேட்டுதான் கீல்கிட்ட ஆறு மாசம் தாங்காது" என்றார் இவர். சம்பந்தம் அங்கேயே முறிந்தது. ஐந்தாவது மாதம் அந்தக் கேட், அடுத்துப் பெண் பார்க்க வந்தவர்களின் கார் மேல் சாய்ந்தது. பெண்ணின் அப்பா நேராக அண்ணாகிராமம் வந்து தட்டு மாற்றினார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு எங்கள் ஆபீஸ் சொர்க்கம். கடலூர் முதுநகரில் துறைமுகம் பக்கம் ஒரு மாடி. கடலுக்கு அடியிலிருந்து கேஸ் எடுக்க நடுக்கடலில் நிற்கிற ஓர் இரும்பு மேடையைப் பராமரிக்கிற கம்பெனி அது. முன்பெல்லாம் ஆட்கள் கயிற்றில் தொங்கிக்கொண்டு துருவைத் தேடுவார்கள். இப்போது அந்த வேலைக்கு ஒரு ரோபோ. காந்தச் சக்கரங்களால் இரும்பைப் பிடித்துக்கொண்டு மேடை முழுக்க ஊர்ந்து படம் எடுக்கும். மேடையில் இருப்பவர்கள் அதற்கு வைத்த பெயர் நண்டு. அது அனுப்புகிற படங்களை ஏ.ஐ. பார்த்து, துரு என்று தோன்றும் இடத்தைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் போடும். அது சரியா தப்பா என்று மனிதர் இரண்டு பேர் பார்த்து பட்டனை அமுக்க வேண்டும். முதலில் துரு சார், அடுத்து நான். குறிஞ்சிப்பாடியில் பன்னிரண்டாவது முடித்த எனக்கு இந்த வேலை கிடைத்ததற்குக் காரணம், நல்ல கண்ணும் பேசாத வாயும்தான்.

துரு சாருக்கு ஏ.ஐ. என்றால் தம்பி. பக்கத்தில் உட்கார வைத்துத் தொழில் பழக்குகிற மாதிரி நாள் முழுக்கத் திரையோடு பேசிக்கொண்டிருப்பார். "தம்பி, அது துரு இல்லடா, கடல் காக்கா எச்சம்." "தம்பி, அது நேத்து சாம்பாரு." ஒவ்வொரு படத்துக்கும் கீழே காரணம் எழுத ஓர் இடம் உண்டு. மற்றவர்கள் அதைக் காலியாக விடுவார்கள். இவர் சாம்பார் வரைக்கும் எழுதுவார். இது என்ன வகைக் கறை என்று சென்னை இன்ஜினியர்கள் ஒரு முறை போன் போட்டே கேட்டார்கள்.

தம்பி ஓர் இடத்தில் மட்டும் பிடிவாதம் பிடித்தான். படகிலிருந்து மேடைக்கு ஏறும் ஏணியின் உச்சியில், ஏணியைத் தாங்குகிற இரும்புப் பட்டை. அங்கே மேடையில் வேலை செய்யும் செல்வம் தன் காவி நிற லுங்கியைக் காயப்போடுவார். வாரா வாரம் கட்டம் விழும். வாரா வாரம் துரு சார் "தப்பு" என்று அமுக்கி, "செல்வம் லுங்கி" என்று எழுதுவார். நானும் சிரித்துக்கொண்டே அமுக்குவேன். இரண்டு மாதத்தில் அங்கே கட்டம் விழுவது நின்றுவிட்டது. "பாத்தியாம்மா, தம்பி லுங்கி கத்துக்கிட்டான்" என்று எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. மேடையில் இருப்பவர்கள் இடத்தைக் கழுவித் துடைத்து, பூசணிக்காய் உடைத்து, வால்வு, குழாய், கைப்பிடி, நண்டின் முதுகு என்று ஒன்று விடாமல் குங்குமப் பொட்டு வைத்தார்கள். மறுநாள் நண்டு வழக்கம்போலச் சுற்றி வந்தது. தம்பி மிரண்டுவிட்டான். திரை முழுக்கச் சிவப்புக் கட்டம். ஒரே ராத்திரியில் மேடை மொத்தமும் துருப்பிடித்துவிட்டதாக அறிக்கை போய், சென்னையிலிருந்து போன் மேல் போன்.

துரு சார் ஒரு படத்தைத்தான் பார்த்தார். "துரு எங்கியாவது இவ்ளோ அழகா வட்டமா வருமா சார்? குங்குமம்" என்றார். ஆபீஸே சிரித்தது. மேனேஜருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எல்லாக் கட்டத்துக்கும் மொத்தமாகத் "தப்பு" போட ஒரு பட்டன் இருக்கிறது. அதை அமுக்கச் சொன்னார்.

துரு சார் அமுக்கவில்லை. ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தார். சாப்பாட்டு நேரம் போனது. நாலு மணி வாக்கில் ஒரு படத்தில் நின்றுவிட்டார். ஏணி உச்சி, அதே பட்டை. பூஜைக்காக லுங்கியை எடுத்திருந்தார்கள். நடுவில் பொட்டு. பொட்டுக்குக் கீழே விரல் நீளத்துக்கு ஒரு கோடு.

"தண்ணி பட்டு குங்குமம் ஒழுகியிருக்கு, அவ்ளோதான்" என்றார் மேனேஜர். மறுநாள் காலையில் ஆறு பேர் அந்த ஏணியில் ஏறுவதாக இருந்தது. மழைக்காலம் தொடங்கினால் படகு போக முடியாது. அதனால் அவருக்கு அவசரம்.

"ஒழுகுன குங்குமம் வெளுப்பா எறங்கும் சார். இது பழுப்பு" என்றார் துரு சார். பிறகு, யாரிடம் சொல்கிறார் என்றே தெரியாமல், "தம்பி லுங்கியக் காட்டல. லுங்கிக்குப் பின்னாடி, ஓரத்துல தெரிஞ்சத காட்டியிருக்கான். அங்க பாக்காதன்னு சொல்லிக்குடுத்தது நான்" என்றார்.

செல்வத்துக்குப் போன் போட்டு, ஏணிக்குப் போகாமல் மேலே நின்றபடியே பட்டையைத் தட்டச் சொன்னார். போனை மேஜையில் வைத்தார். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றோம்.

"மொதல்ல பக்கத்துத் தூண தட்டு மாப்ள." கணீர் என்று கேட்டது.

"இப்ப பட்டைய." ஈர மண்ணில் தட்டின மாதிரி ஒரு சத்தம். இன்னொரு தட்டு. பிறகு ஏதோ உதிர்கிற சத்தம்.

"மாமா," என்றார் செல்வம், "தோச அளவுக்குப் பேந்துகினு வந்திச்சி மாமா. வுள்ளாற ஒண்ணுமில்ல. கடலு தெரியுது."

மறுநாள் போகவிருந்த படகு நின்றது. மழைக்கு முன் அமைதியான நாட்களில் வேறு வழியாகப் போய்ப் புதுப் பட்டை வைத்தார்கள். துரு சார் "நான்தான் சொன்னேனே" என்று ஒரு வார்த்தை பேசவில்லை. இதுவரை எத்தனை பேர் அதில் ஏறி இறங்கியிருப்பார்கள் என்று மட்டும் என்னிடம் கேட்டார். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

இவ்வளவு நாள் எப்படித் தவறியது என்று சென்னை விளக்கம் கேட்டது. மேனேஜர் நல்ல மனிதர்தான். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "மெஷின் தப்புன்னு எழுதிடுங்க சார். அது வந்து நம்மள கேக்கப் போவுதா? அடுத்த மாசம் உங்க கான்ட்ராக்ட் வேற முடியுது. நீங்கதான் தப்புன்னு எழுதுனா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"அவன் மொதல்ல கரெக்டாதான் சார் சொன்னான். நாமதான் வாய அடச்சிட்டோம்" என்றார் துரு சார். ஒரு தாளில் நாலு வரி எழுதினார்: லுங்கி என்று நினைத்தேன், விலக்கிப் பார்க்கச் சொல்லவில்லை, தவறு என்னுடையது. கீழே கையெழுத்துப் போட்டார்.

கான்ட்ராக்டை அதற்கு மேல் நீட்டவில்லை. அவர் அண்ணாகிராமத்தோடு இருந்துவிட்டார். இப்போது நண்டின் படங்களை முதலில் பார்ப்பது நான்தான். திரையில் எங்கே துணி தெரிந்தாலும் மேடைக்குப் போன் போட்டு, எடுத்துவிட்டு இன்னொரு படம் அனுப்பச் சொல்கிறேன். போனில் பேச எனக்கு இன்னமும் கூச்சம்தான். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

அந்தத் தாளைப் பற்றி ஒன்று பாக்கி இருக்கிறது. மேனேஜர் அறைக்கு எடுத்துப் போகுமுன் துரு சார் அதை மேஜையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். நான் பேனாவை எடுத்து அவர் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதினேன். திரும்பி வந்தவர் பார்த்துவிட்டு, "ஒனக்கு எதுக்கும்மா இந்த வம்பு?" என்றார்.

"நானுந்தான சார் பாத்தேன்."

அவர் தாளை மடிக்காமல், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனார். என் பெயரை ஒரு இடத்தில் நான் திருத்தமாக எழுதியிருக்கிறேன் என்றால், அது அங்கேதான்.