கடலடியில் கிடைத்த சக்சேனா

உலகத்துக்கு ஒரு புதிய உயிரினத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தவள் நான். அந்த உயிரினம் நான்கு நாட்கள் நன்றாக இருந்தது. ஐந்தாம் நாள், ஒரு கருத்தரங்கு அறையில், முப்பது பேர் முன்னிலையில், மளிகைச் சாமானாக மாறிவிட்டது.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. டெல்லியில் ஆராய்ச்சி மாணவி. என் ஆராய்ச்சி கடலடி மணலைப் பற்றியது. (டெல்லியிலிருந்து கடலைப் பார்க்க ஏறக்குறைய ஒரு நாள் ரயிலில் உட்கார வேண்டும். இதை யாரும் எனக்கு எடுத்துச் சொல்லவில்லையா என்று கேட்காதீர்கள். எல்லோரும் சொன்னார்கள்.) கப்பலில்கூட நான் போனதில்லை. யாரோ கப்பலில் போய், வாந்தி எடுத்து, அள்ளிப் போட்ட மணல் பிளாஸ்டிக் பைகளில் லாரி ஏறி என்னிடம் வரும்.

நிலம் கரையோடு முடிந்துவிடுவதில்லை. தண்ணீருக்கடியிலும் பல கிலோமீட்டர் மெல்லச் சரிந்துகொண்டே போகிறது. அதைக் கண்டத்திட்டு என்பார்கள். அதன்மேல் நீள நீளமான மணல் மேடுகள் படுத்துக்கிடக்கின்றன. இவை இன்றைய நீரோட்டம் குவித்தவையா, அல்லது கடல் தாழ்ந்திருந்த காலத்துக் கடற்கரையே அப்படியே முழுகிப்போனதா என்பதுதான் என் கேள்வி. மணலைச் சலித்துப் பிரித்து, அதில் கிடக்கும் நுண்ணிய ஓடுகளைப் பார்த்தால் பதில் தெரியும். பார்க்கிறவளுக்குக் கண் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

என் வழிகாட்டி சக்சேனா சார் நெட்டையான, சாதுவான மனிதர். அந்த வெள்ளிக்கிழமை கமிட்டி கூடி, நான் ஆராய்ச்சியைத் தொடரலாமா என்று முடிவு செய்யும் என்று ஒரு வாரம் முன்னாலேயே சொல்லியிருந்தார். என் பைகளில் பாதி சலிக்கப்படாமல் கிடந்தன. சனி ஞாயிறு ஆய்வகம் பூட்டியிருக்கும். அதனால் யாரிடமும் கேட்காமல் சல்லடை அடுக்கையும் மணல் பைகளையும் ஆட்டோவில் ஏற்றி, நான் தங்கியிருந்த சித்தி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன். கிட்வாய் நகரில், சித்தப்பாவின் அரசாங்கக் குவார்ட்டர்ஸ்.

சித்தி கதவைத் திறந்ததும் அடுக்கைத்தான் பார்த்தாள்.

"என்னடி இது, டிபன் கேரியர் மாதிரி? பித்தளையா?"

"சல்லடை சித்தி. லேப்போடது. தொடவே கூடாது."

"நான் எதுக்குத் தொடப்போறேன்? எனக்கென்ன வேற வேலையில்லையா?"

இரண்டு நாளும் பால்கனியில் நின்று அடுக்கைக் குலுக்கினேன். கீழ்வீட்டு பஞ்சாபி ஆன்ட்டி அண்ணாந்து பார்த்து, "பேட்டா, ஜிம் ஜாயின் பண்ணிட்டியா?" என்று இந்தியில் கேட்டார். ஞாயிறு மதியம் சித்தி பூரியும் உருளைக்கிழங்கு குருமாவும் செய்திருந்தாள். எட்டு பூரி சாப்பிட்டுவிட்டு (கணக்கு சித்தப்பாவுடையது) ஏழாம் எண் பையைச் சலித்தேன். மணல் மேட்டின் உச்சியிலிருந்து எடுத்தது அது.

திங்கட்கிழமை அந்த ஏழாம் எண்ணை நுண்ணோக்கியில் வைத்துக் குனிந்தவள் நிமிரவே இல்லை.

மணல் துகள்களுக்கு நடுவே, தந்த நிறத்தில், முந்திரிப் பருப்பு போல வளைந்த ஒரு பொருள். மேலெல்லாம் தேன்கூடு மாதிரி கட்டம் கட்டமாக வலைப்பின்னல். பக்கத்தில் அதே மாதிரி இன்னும் பல. எண்ணிப் பார்த்தேன், மொத்தம் இருபத்துமூன்று. கடலடியில் ஆஸ்ட்ரகாட் என்று ஒரு பொடி உயிரினம் உண்டு. கடுகைவிடச் சின்னது, சுண்ணாம்பு ஓடு, ஓட்டில் வலைப்பின்னலும் இருக்கும். ஆனால் இந்த மாதிரி அழகான ஓடு எந்தப் புத்தகத்திலும் இல்லை. (இருக்காது. நான் தேடியதெல்லாம் கடல்வாழ் உயிரினங்களைப் பற்றிய புத்தகங்களில்.)

சக்சேனா சார் குனிந்து பார்த்துவிட்டு, "அரே வா!" என்றார். அவர் மணல்காரர், ஓடுகள் அவருக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனாலும் மறுநாள் சரியான கேள்வியைக் கேட்டார்.

"ஆசிட் டெஸ்ட் பண்ணிட்டியா?"

சுண்ணாம்பு ஓடு என்றால் ஒரு சொட்டு அமிலம் பட்டதும் நுரைக்கும். ஒரு நிமிட வேலை. ஆனால் இருபத்துமூன்று குழந்தைகளில் எதை எடுத்து நான் அமிலத்தில் போடுவேன்?

"பண்ணிட்டேன் சார். நல்லா நுரைச்சுது" என்றேன்.

இந்தப் பொய்யை ஈடுகட்டுகிற மாதிரி, புதிய உயிரினத்துக்கு அவர் பெயரையே வைத்தேன். லத்தீன் வாலோடு, 'சக்சேனை'. அவர் காதெல்லாம் சிவந்துவிட்டது. "நஹீ நஹீ, என் பேரெல்லாம் எதுக்கு" என்று கையை ஆட்டிக்கொண்டே போனவர், பத்து நிமிடத்தில் திரும்பி வந்து, "ஸ்பெல்லிங்ல எக்ஸ் வரும். மறந்துடாதே" என்றார்.

வெள்ளிக்கிழமை சித்தி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, சித்தப்பாவுக்கு அரை நாள் லீவு போடச் சொல்லி, கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டாள். முதல் வரிசையில் கமிட்டி. அவர்களோடு, ஓடுகளைப் பார்த்தே தலை நரைத்த மித்ரா மேடம். இதற்காகவே சார் அவரை அழைத்திருந்தார்.

நான் பேசினேன். என்ன பேச்சு! மணல் மேடு, முழுகிய கடற்கரை, உலகம் இதுவரை கண்டிராத உயிரினம். திரையில் ஆறடி உயரத்துக்கு சக்சேனை மின்னியது. கை தட்டினார்கள். சித்தி மட்டும் மற்றவர்கள் நிறுத்திய பிறகும் தட்டினாள்.

"சாம்பிள் இருக்கிறதா?" என்று மித்ரா மேடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

பக்கத்து மேசையில் நுண்ணோக்கியோடு தயாராக வைத்திருந்தேன். அவர் நெடுநேரம் பார்த்தார். அப்புறம், "ஆசிட் கொஞ்சம் கொடுங்கள்" என்றார்.

யாரோ ஆய்வகத்துக்கு ஓடிப்போய் பாட்டிலைக் கொண்டுவந்தார்கள். ஒரு சொட்டு விட்டார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு சொட்டு. அதற்கும் நுரைக்கவில்லை. சக்சேனா சார் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

மேடம் அமிலம் படாத ஒன்றை ஊசி முனையில் எடுத்து, நகத்தால் நசுக்கி, முகர்ந்தார். பிறகு இன்னொன்றை எடுத்து (சத்தியமாகச் சொல்கிறேன்) வாயில் போட்டு முன்பல்லால் கடித்தார்.

"போஸ்தோ" என்றார்.

"மேடம்?"

"போஸ்தோ. கஸ்கஸ். முப்பது வருஷமாக ஓடு பார்க்கிறேன், அறுபது வருஷமாக போஸ்தோ சாப்பிடுகிறேன். முதலாவதில் தப்பு வரலாம். இரண்டாவதில் ஒரு வங்காளிக்குத் தப்பு வராது."

கடைசி வரிசையில் சித்தியின் குரல் தெளிவாகக் கேட்டது. "என்னங்க சொல்றாங்க?"

"கசகசாவாம்" என்றார் சித்தப்பா.

சித்தி எழுந்து நின்றாள். "கசகசாவா? மேடம், வோ தோ மேரா ஹை!"

அது என்னுடையதாக்கும் என்று ஆரம்பித்து, முப்பது பேருக்கும் இந்தியில் விளக்கினாள். ஞாயிற்றுக்கிழமை குருமாவுக்காகக் கடையில் வாங்கிய கசகசாவில் மண் இருந்ததாம். வீட்டு மாவுச் சல்லடையில் போட்டால் மண்ணோடு சேர்ந்து கசகசாவும் கீழே கொட்டிவிடுமாம். நான் குளிக்கப் போன நேரத்தில் பித்தளைச் சல்லடையில் போட்டாளாம். மண் மட்டும் தனியாக இறங்கிவிட்டதாம். "ஃபர்ஸ்ட் கிளாஸ் சல்லடை!" என்று கமிட்டித் தலைவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பித் தமிழுக்கு வந்தாள். "துடைச்சுத்தாண்டி வெச்சேன். ஓட்டையில மாட்டிக்கிட்டிருக்கும்னு யாருக்குத் தெரியும்?"

முதலில் சிரித்தவர் கமிட்டித் தலைவர். அப்புறம் யாரையும் நிறுத்த முடியவில்லை. திரைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளலாமா என்று பார்த்தேன். பின்னால் சுவர்தான் இருந்தது.

சக்சேனா சார் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு, சித்தியிடம் மெதுவாகக் கேட்டார். "அப்படின்னா ஞாயித்துக்கிழமை என்னை எத்தனை பேர் சாப்பிட்டீங்க?"

"மூணு பேர் சார்" என்றாள் சித்தி பவ்வியமாக. "ரொம்ப டேஸ்ட்டா இருந்துது."

ஆராய்ச்சியைத் தொடரலாம், ஆனால் எல்லாப் பைகளையும் ஆய்வகத்திலேயே மறுபடி சலிக்க வேண்டும் என்று கமிட்டி எழுதியது. சல்லடைகள் கட்டடத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்று ஓர் அறிவிப்பும் சுவரில் ஏறியது. சார் என்னிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார். "அடுத்த தடவை நுரைக்கலைன்னா நுரைக்கலைன்னு சொல்லு." திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வீட்டுக்குப் போகும் ஆட்டோவில் நான் அழ ஆரம்பிப்பதற்குள் சித்தி ஆரம்பித்துவிட்டாள். பட்டுப்புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "தொடமாட்டேன்னு உங்கிட்ட பொய் சொல்லிட்டேண்டி. உன் படிப்பே போயிருக்குமே" என்றாள்.

"நான் மட்டும் என்ன? ஆசிட் போட்டேன்னு சார்கிட்ட பொய்தான் சொன்னேன்."

சித்தி அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "நுரைச்சுதுன்னுமா சொன்னே?"

"நல்லா நுரைச்சுதுன்னு சொன்னேன்."

அவ்வளவுதான். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் ஆட்டோக்காரர் வண்டியை ஓரம்கட்டி, "சப் டீக் ஹை, மேடம்?" என்று கேட்டார். சித்தப்பா அவரிடம், "டீக்தான் பையா, ஓட்டுங்க" என்று தமிழிலேயே சொன்னார்.

ஏழாம் எண்ணை மறுபடி சலித்தபோது உண்மையான ஓடுகள் கிடைத்தன. உடைந்து, தேய்ந்து, பார்க்கச் சகிக்காமல் இருந்தன. அத்தனையும் நுரைத்தன. அந்த மேடு முழுகிப்போன பழைய கடற்கரைதான் என்று அவை சொன்னதை வைத்து எனக்குப் பட்டமும் கிடைத்தது.

ஆனால் எங்கள் குடும்பத்தில் அன்றோடு கசகசா என்ற சொல் வழக்கொழிந்துவிட்டது. "குருமாவுல சக்சேனா கம்மி" என்பார் சித்தப்பா. ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு சித்தி எழுதும் சீட்டில் தேங்காய் இரண்டு, சோம்பு, சக்சேனா நூறு கிராம் என்றுதான் இருக்கும். கடைக்காரரும் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுக்கிறார்.

போன மாதம், ஓய்வு பெற்ற சக்சேனா சாரை மயூர் விஹாரில் என் வீட்டுக்குச் சாப்பிட அழைத்திருந்தேன். என் மகளுக்கு ஏழு வயது. டெல்லியில் பிறந்தவள், அவளுக்குத் தெரிந்த தமிழெல்லாம் எங்கள் சமையலறையில் கேட்டதுதான். சார் அவளிடம் கை நீட்டி, "ஹலோ, ஐ ஆம் சக்சேனா" என்றார். அவள் திகைத்துப்போய்க் கை கொடுத்தாள். சாப்பிடும்போதெல்லாம் அவரையும் குருமாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவர் கிளம்பிப் போன பிறகு என் காதருகே வந்து கேட்டாள். "அம்மா, பாவம் அந்த அங்கிள். அவங்க வீட்டுல ஏம்மா அவருக்கு மசாலா பேரு வெச்சாங்க?"