ஏழு பேரும் ஏறியாச்சு

பீ...ப்!

ஹோலிலிருந்து விசில் சத்தம். குசினியில் ஒன்பதாவது சோற்றுப் பார்சலை மடித்துக்கொண்டிருந்த சீலா திடுக்கிடவில்லை. கலியாணம் முடித்து இருபத்திரண்டு வருடங்களில், அந்த விசிலுக்குத் திடுக்கிடும் பகுதி அவளுடைய நெஞ்சில் தேய்ந்து போயிருந்தது. ஆனால் பக்கத்து அறையில் விருந்தாளிகள் ஏழு பேரும் ஒரே நேரத்தில் எழும்பிய சத்தம் கேட்டது. யாருடைய தலையோ அலுமாரிக் கதவில் முட்டிய சத்தம் கேட்டது. "கடவுளே, நெருப்புப் பிடிச்சிட்டுதோ?" என்று ஒரு குரல் அலறியது.

"அஞ்சரை! அஞ்சரை மணி! எழும்புங்கோ! ஆறரைக்கு வான் வெளிக்கிடும்!"

வாசகரே, இந்த விசிலின் சொந்தக்கார இனத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். ‘கூட்டிக்கொண்டு போகிறவர்’ என்பது அதன் பெயர். ஓகஸ்ட் விடுமுறையிலும் நத்தார்ப் பண்டிகைக்குப் பிந்திய கிழமையிலும் குடும்பத்துக்கு ஒருவராகத் தலைகாட்டுவார். வருடத்தின் மற்ற நாட்களில் சாதுவாகப் பேப்பர் வாசித்துக்கொண்டு, சீனி குறைத்த தேத்தண்ணி குடித்துக்கொண்டு, நம்மைப் போலவே இருப்பார். வெளியூரிலிருந்து சொந்தக்காரர் வந்து, "ஊரை ஒருக்கால் சுத்திப் பாப்பமே" என்று வாய் தவறிச் சொன்னால் போதும். தோளில் ஒரு பை ஏறும். கழுத்தில் ஒரு விசில் தொங்கும். குரல் இரண்டு கட்டை கூடும். அந்தப் பைக்குள் என்ன இருக்கும் என்கிறீர்களா? பனடோல், சேலை ஊசி, நைலோன் கயிறு, எவர் தலைக்கும் பொருந்தாத ஒரு தொப்பி, பிறகு ஒரு சின்னக் கொப்பி.

சீலாவின் கணவர், திருகோணமலை அன்புவழிபுரத்துப் பேணாட், இந்த இனத்தின் தலைசிறந்த உருப்படி. தொழிலும் அதற்கேற்ற மாதிரி வாய்த்திருந்தது. துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணும் கிளாக்கர் அவர். நாலு மூட்டைக்கு நாலு நேர்க்கோடு, ஐந்தாவது மூட்டைக்கு அவற்றின் மேல் ஒரு குறுக்குக் கோடு. இருபத்தாறு வருட சேவையில் ஒரு மூட்டை கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை. ஊர் காட்டக் கூட்டிச் சென்ற சொந்தக்காரரும் அப்படித்தான். "இண்டைவரைக்கும் ஒருத்தரையும் நான் துலைச்சதில்லை" என்பது அவர் தன்னைப் பற்றிச் சொல்லும் முதல் வசனம். பெயரே இரண்டாவதாகத்தான் வரும்.

இந்த முறை வத்தளையிலிருந்து வந்திருந்தவர்கள் அவருடைய தங்கச்சி நிலுஷா, அவளுடைய கணவன் ஜக்சன், மூன்று பிள்ளைகள், ஜக்சனின் தாய் தகப்பன். கூட்டினால் ஏழு. வானும் ஜக்சனுடையது, ஓட்டுவதும் ஜக்சன். முன் சீட்டில் பேணாட். கடைசி வரிசையில், சோற்றுக்கூடைக்கும் தண்ணீர்ப் போத்தல்களுக்கும் நடுவில், போத்தல்களைப் போலவே சத்தமில்லாமல், சீலா.

பிரட்றிக் கோட்டைக்குள் இறங்கியதும் சட்டதிட்டம் வாசிக்கப்பட்டது.

"எல்லாரும் போனைக் கொண்டாங்கோ. மேல குரங்கு பறிச்சுக்கொண்டு போயிடும். என்ர பையில கிடக்கட்டும். ஆராவது காணாமல் போனா, அங்கயும் இஞ்சயும் ஓடித் திரியக் கூடாது. அந்தா, மரத்தடியில ஒரு மான் படுத்திருக்கு, தெரியுதா? ஒரு கொம்பு முறிஞ்சது. நேர அதடியில போய் நிக்கவேணும். நான் வந்து எடுப்பன்."

"மாமா, மான் எழும்பிப் போனா?" என்று நிலுஷாவின் கடைக்குட்டி கேட்டாள்.

"அது போகாது. எத்தினை வருஷமா நான் பாக்கிறன்."

பேணாட்டுக்குத் தெரிந்தவரையில் மான் மரத்தைப் போன்றது. கேள்வி முடிந்தது.

மலை உச்சியில், கீழே கடல் நீலமும் பச்சையுமாக விரிந்து கிடந்த இடத்தில், வந்த சனமெல்லாம் "ஆகா" என்று வாயைப் பிளந்து நின்றது. பேணாட் மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கொப்பியில் நாலு கோடு, ஒரு குறுக்குக் கோடு, இன்னும் இரண்டு. அவர் எத்தனையோ தடவை அந்த உச்சிக்கு ஆட்களைக் கூட்டி வந்திருக்கிறார். அந்தக் கடலை அவருடைய முதுகுதான் பார்த்திருக்கிறது. சரி, சீலாவாவது பார்த்தாளா? எங்கே பார்ப்பது? அவள் ஜக்சனின் தாய்க்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வானடிக்கு வந்தபோது நேரம் பத்தரை. கடைக்குட்டி தண்ணீர் கேட்டாள், போத்தல் எல்லாம் காலி. சீலா நாலு வெறும் போத்தல்களைத் தூக்கிக்கொண்டு, கொஞ்சம் தள்ளிக் கட்டடத்துக்குப் பின்னால் இருந்த பைப்படிக்குப் போனாள். மூன்றாவது போத்தல் நிரம்பும்போது விசில் ஊதியது.

"நாலு... அஞ்சு... ஆறு, ஏழு! ஏழு பேரும் ஏறியாச்சு! எடும் மச்சான்!"

சீலா கட்டட மூலைக்கு வந்தபோது வான் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். வாயைத் திறந்தாள். ‘இஞ்சருங்கோ’ என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது.

வந்த சொல்லை விழுங்கிவிட்டாள்.

பார்ப்போமே! தான் இல்லை என்பது அந்த மனிதருக்கு எத்தனை மணிக்குத் தெரியவரும்? கோட்டை வாசலிலா? அடுத்துப் போகும் கன்னியா வெந்நீர்க் கிணற்றடியிலா? இரவு கட்டிலிலா? இருபத்திரண்டு வருடங்களாக அவளுடைய நெஞ்சின் ஒரு மூலையில் ஈரவிறகாய்ப் புகைந்துகொண்டிருந்த கேள்வி அது. இன்றைக்கு அதற்குப் பதில் தெரியாமல் வீட்டுக்குப் போக அவளுக்கு ஏலாது.

சட்டம் இருக்கிறது அல்லவா? நேரே போய்க் கொம்பு முறிந்த மானடியில் நின்றாள். சட்டத்தை மதித்த ஒரே பிரஜை.

மான் அவளைப் பார்த்தது. அவள் மானைப் பார்த்தாள். கால் மணி நேரத்தில் மான் எழும்பியது, உடம்பை உதறியது, நடக்கத் தொடங்கியது. இப்போது என்ன செய்வது? மரத்தடியில் நிற்கும்படி சட்டம் சொல்லவில்லை, மானடியில் நிற்கும்படிதான் சொன்னது. சீலா நாலு போத்தல்களோடு மானுக்குப் பின்னால் நடந்தாள். கோட்டை வாசலைத் தாண்டி, ஓட்டோக்கள் நிற்கும் இடத்தைத் தாண்டி, டச்பே கடற்கரைவரைக்கும் அது சாவகாசமாகப் போனது. அவளும் சாவகாசமாகப் போனாள். அங்கே ஒரு வேப்பமர நிழலில் மான் படுத்தது. பக்கத்தில் அவள் இருந்தாள். சின்னப் பேர்சில் இருந்த சில்லறைக்கு ஒரு கடதாசிச் சரை கச்சான் கடலை வாங்கிக்கொண்டாள்.

தூரத்தில் ஒரு கப்பல் துறைமுகத்தை நோக்கி மெல்லத் திரும்பியது. திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவள், ஒரு கப்பல் முழுதாகத் திரும்பி முடியும்வரை பார்த்தது அன்றைக்குத்தான்.

பதினொன்றரைக்கு ஒரு ஓட்டோ வந்து நின்றது. ஓட்டி வந்தவன் அவளுடைய வீட்டு ஒழுங்கையில் இருக்கும் யோகலிங்கம்.

"என்னக்கா, மானோட தனிய இருக்கிறியள்? ஏறுங்கோ, வீட்ட விடுறன்."

"வேண்டாம் தம்பி. நான் காணாமல் போயிருக்கிறன்."

"ஐயோ! ஆருக்குத் தெரியும்?"

"அதைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறன்."

"அண்ணைக்கு ஒரு போன் அடிக்கட்டே?"

"அடிச்சா, என்ர இவ்வளவு பாடும் வீணாப் போயிடும். கச்சான் தின்னும்."

யோகலிங்கம் தலையைச் சொறிந்துகொண்டு, கச்சானைத் தின்றுகொண்டு போனான்.

பன்னிரண்டு அடித்தது. சீலாவுக்குச் சிரிப்பு வந்தது. பன்னிரண்டரை ஆனது. சிரிப்பு குறைந்தது. ஒரு மணி ஆனபோது, கண்ணோரம் ஏதோ கரித்தது. கடல்காற்றில் உப்பு இருக்கும்தானே! பதிலே வராது என்று தெரிந்திருந்தால் கேள்வியைக் கேட்டிருக்கவே வேண்டாம் என்று மானுக்குச் சொன்னாள். மான் கச்சான் சரையைக் கடதாசியோடு தின்றது.

அதே நேரத்தில் கன்னியாவில் நடந்ததை நிலுஷா பிறகு அவளுக்குச் சொன்னாள். ஏழு கிணறு, ஏழு பேர் என்று கண்டதும் பேணாட்டின் முகத்தில் வந்த வெளிச்சத்தைச் சொல்லி முடியாதாம். ஆளுக்கொரு கிணறாக நிறுத்தி, "பாத்தீங்களே, கணக்கு எப்பிடிப் பொருந்துது!" என்றாராம். குளித்துத் துவட்டி எல்லோரும் மரநிழலில் வட்டமாக இருந்தார்கள். ஆளுக்கு ஆள் கையைக் கழுவிக்கொண்டு காத்திருந்தார்கள். கூடை நடுவில் இருந்தது. ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம் போனது. சோறு கைக்கு வரவில்லை.

"மச்சாள் எங்க?" என்றாள் நிலுஷா.

பேணாட் உடனே கொப்பியைப் பார்த்தார். ஏழு. தலைகளை எண்ணினார். ஏழு. மறுபடி கொப்பியைப் பார்த்தார். பிறகு ஜக்சன் சொன்னான், "மச்சான், கோல் எடுத்துப் பாருங்கோ." பேணாட் சீலாவுக்குப் போன் அடித்தார். அவருடைய தோளில் தொங்கிய பைக்குள் ‘கிணிங் கிணிங்’ என்று மணி அடித்தது.

அந்த மணிச் சத்தத்தில் மனிதர் அப்படியே நிலத்தில் குந்திவிட்டாராம். பிறகு எழும்பி, விசிலை வாயில் வைத்தாராம். காற்றுத்தான் வந்ததாம்.

இரண்டு மணிக்குச் சற்று முன்னர் வான் கோட்டைக்குள் பாய்ந்தது. மரம் நின்றது. மானைக் காணவில்லை. பேணாட் வெளியே ஓடி வந்து, ஓட்டோவுக்குள் சாய்ந்திருந்த யோகலிங்கத்தைப் பிடித்து உலுக்கினார்.

"தம்பி, கொம்பு முறிஞ்ச மானொண்டைக் கண்டனியோ?"

"மானைத் தேடுறியளோ, அக்காவைத் தேடுறியளோ?"

"ரெண்டும் ஒரு இடத்திலதானடாப்பா! சொல்லு!"

மணலில் செருப்பு ஒன்று கழன்று விழுந்ததையும் கவனிக்காமல் அவர் ஓடி வருவதை சீலா தூரத்திலேயே கண்டுவிட்டாள். மூன்றரை மணி நேரமாக ஒரு பெரிய வசனத்தை நெஞ்சுக்குள் தீட்டி வைத்திருந்தாள். பதினாறு சொல்லாவது இருக்கும், ஒவ்வொன்றும் ஊசி. ஆனால் வந்து நின்றவரின் முகம் வேர்வையிலும் புழுதியிலும் குழைந்து கிடந்தது. மூச்சு இரைத்தது. கண் இரண்டும் சிவந்திருந்தன.

"நீர்... நீர் இல்லையெண்டோன்ன..."

"எத்தினை மணிக்குத் தெரிஞ்சது?"

பொய் சொல்லத் தெரியாத இனம் அது. "ஒரு மணிக்கு. சோறு குடுக்க ஆளில்லாமல்..."

"அப்ப பசிதான் என்னைத் தேடினது. நீங்களில்லை."

"அப்பிடிச் சொல்லாதையும் சீலா. கப்பலில மூட்டையைத்தானே எண்ணுறது? எண்ணுற ஆக்களை எண்ணுறேல்லையே. நீர் என்ர பக்கத்து ஆள். உம்மை எப்பிடி நான் எண்ணுறது?"

வாசகரே, உலகத்தில் எத்தனையோ விதமாகக் காதலைச் சொல்லியிருக்கிறார்கள். இப்படியும் ஒருவர் சொன்னார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘நீ மூட்டை இல்லை!’ சீலாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தாள். பிறகு கடைசித் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். அவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, பையிலிருந்து கொப்பியை எடுத்து, ஏழு கோட்டுக்குப் பக்கத்தில் எட்டாவதாக ஒரு கோடு கீறினார். கொப்பியைத் தொடையில் வைத்துக் கீறியதில் கோடு கொஞ்சம் கோணலாகப் போனது.

"இனி உம்மையும் எண்ணுவன். சத்தியம்."

அந்தக் கோணல் கோட்டை சீலா இரண்டு தரம் வாங்கிப் பார்த்தாள். அன்றைக்கு இரவு எல்லோருக்கும் கேளாமலே இரண்டாம் முறை இறால் குழம்பு விட்டாள்.

நல்ல முடிவுதானே? எழும்பிவிடாதீர்கள். கூட்டிக்கொண்டு போகிறவர் திருந்தமாட்டார் என்று நினைக்க வேண்டாம். திருந்துவார். அங்கேதான் கவனம் தேவை.

மறுநாள் காலை விருந்தாளிகள் வெளிக்கிட்டார்கள். பயணப் பைகள் ஏறின, ஜக்சனின் தாய் தகப்பன் ஏறினார்கள், பிள்ளைகள் ஏறினார்கள். சீலா கருவாட்டுப் பார்சலைத் தூக்கிக்கொண்டு படலைக்கு வெளியே ஓடி, வானின் கதவுக்குள் பாதி உடம்பை விட்டு, "இதைச் சீட்டுக்குக் கீழ வையும் நிலுஷா, மணக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

வாசற்படியில் நின்ற பேணாட் கொப்பியை விரித்தார். நாலு நேர்க்கோடு. ஒரு குறுக்குக் கோடு. ஆறு. ஏழு. வாக்குக் கொடுத்தவர் அல்லவா? மறக்கவில்லை. வானுக்குள் பாதியும் வெளியே பாதியுமாய்த் தெரிந்த சீலாவின் நீலச் சட்டையையும் பார்த்தார். கோடு இந்த முறை நேராக விழுந்தது.

"எட்டு! எட்டுப் பேரும் சரி! போயிட்டு வாங்கோ மச்சான்!"

கணக்குப் பொருந்திய நிம்மதியோடு உள்ளே திரும்பினார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நல்லது. ஆனால் போன விடுமுறையில் உங்கள் தோளிலும் ஒரு பை தொங்கியதே, அது யார் தந்தது? உங்கள் கையடக்கத் தொலைபேசியில் இருக்கும் அந்தக் குடும்பப் படத்தில் எல்லோரும் இருக்கிறார்கள், சரி. அந்தப் படத்தை எடுத்தது யார்? இப்போது அவர் வீட்டில் எந்தப் பக்கத்தில் நிற்கிறார், கதவுக்கு உள்ளேயா வெளியேயா? போய் ஒருதரம் பார்த்துவிட்டு வந்து மீதியைச் சிரியுங்கள்.

வான் ஒழுங்கை முனையில் மறைந்தது. கையை ஆட்டிக்கொண்டிருந்த சீலா திரும்பினாள்.

வீட்டுக் கதவு சாத்தப்பட்டது. உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

தட்டுவதற்குக் கையைத் தூக்கியவள், அப்படியே இறக்கினாள். படியில் இருந்துகொண்டு எண்ணத் தொடங்கினாள். ஒன்று... இரண்டு...