ஆவியில் வெந்த பந்துகள்

கோல்ஃப் பந்தை அரிவாள்மணையில் வைத்து அறுத்தால் உள்ளே நூல் இருக்கும் என்று நரசிம்மலுவுக்கு யாரும் சொல்லவில்லை. தோல் பிளந்ததும் ரப்பர் நூல் ஒன்று விர்ரென்று கிளம்பி, அடுக்களையை வலம்வந்து, குழம்புச் சட்டிக்குள் இறங்கியது.

"ஏனுங்க, பந்து நல்லா இருக்குதான்னு பாக்கச் சொன்னா, அறுத்தா பாப்பாங்க?" என்றாள் மனைவி வெங்கடலட்சுமி.

"உள்ளுக்குள்ள பாக்காம எப்படியம்மணி சொல்றது?"

நரசிம்மலு துடியலூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் ஸ்டோர் குமாஸ்தா. வெள்ளைக்கார மேனேஜர் சீமைக்குக் கப்பலேறியபோது ஒரு டஜன் பந்தைப் பிரிக்காமலே விட்டுப்போயிருந்தார். பத்து வருஷமாக அந்தப் பெட்டி ஸ்டோரில் தூங்கிக்கொண்டிருந்தது. அன்று காலை முதலாளி கோவிந்தராஜுலு கூப்பிட்டனுப்பினார்.

"பம்பாய் மெஷின் கம்பெனி டைரக்டர் வாராருங்க. ஞாயித்துக்கிழமை ஊட்டியில எங்கூடக் கோல்ஃப் ஆடியே தீரணுங்கறாரு. நம்ம பந்தெல்லாம் ரொம்பப் பழசுங்க. இன்னும் வெளையாட ஆகுமான்னு நல்லாப் பாத்து, சனிக்கிழமை அவரு முன்னாடியே வந்து சொல்லிப்போடுங்க. ஸ்டோர் கீப்பர் வேலைக்கு உங்களைத்தான் நெனச்சிருக்கேன்."

ஸ்டோர் கீப்பர்! எத்தனை வருஷக் கனவு! நரசிம்மலு பெட்டியை வீட்டுக்கே தூக்கி வந்துவிட்டார்.

இப்போது குழம்பிலிருந்து நூலை எடுத்து இழுத்துப் பார்த்தார். பட்டென்று அறுந்தது. அவர் முகம் மலர்ந்தது. நோய் பிடிபட்டுவிட்டது!

"ஈரம் பத்தலை அம்மணி! மில்லுல நூல் காஞ்சுபோனா என்ன பண்ணுவோம்? ஆவி காட்டுவோம். இட்லிக் கொப்பரையை எடு."

"ஐயோ, நாளைக்கு அதுலதானுங்க இட்லி வேகோணும்!"

யார் கேட்டார்கள்? மிச்சப் பந்துகள் எல்லாம் குழித்தட்டில் ஏறின. மூடியைத் திறந்தபோது வீடெங்கும் டயர் கடை வாசம். பந்துகள் கொழகொழவென்று, அடிப்பக்கம் இட்லியாகவே சப்பி உட்கார்ந்திருந்தன.

"உருட்டிப்போட்டாச் சரியாயிரும்" என்று சூட்டோடு சூடாகக் கொழுக்கட்டைக்கு உருட்டுவதுபோல் உருட்டினார். உருண்டை வந்தது. மேலே இருந்த குழிகள் போய்விட்டன. உட்கார்ந்து ஆணிக் கொண்டையால் ஒவ்வொரு குழியாக வைத்தார். பாதியிலேயே பந்து இறுகி, ஒரு பக்கம் அம்மைத் தழும்பும் மறுபக்கம் வழுக்கையுமாக நின்றது. வெயிலில் காயட்டும் என்று முறத்தில் பரப்பினார். காக்கை ஒன்று ஒரு பந்தைத் தூக்கிப்போய், ருசி பார்த்து, திருப்பிக் கொண்டுவந்து போட்டுவிட்டது.

கடைசியாகக் கைத்தடியால் ஒன்றை ஓங்கி அடித்தார். பந்து நகரவில்லை, தடிதான் முறிந்தது.

"வேலை போச்சு அம்மணி" என்றார், அழாத குறையாக.

வெங்கடலட்சுமிக்கு மனசு கேட்கவில்லை. "குன்னூர் எஸ்டேட்டுல என்ர அண்ணன் இருக்காருங்கல்ல? அங்க தொரைமாருங்க இன்னும் ஆடறாங்களாமா. போய்க் கேளுங்க."

மலைப் பஸ்ஸில் வளைவுக்கு ஒருதரம் வாந்தியெடுத்து, மச்சானின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, புத்தம்புதுப் பந்து ஒரு டஜன் வாங்கி வந்தார். பழைய காகிதத்தில் சுற்றிப் பழைய பெட்டியிலேயே அடுக்கினார். பெத்த தாய்க்குக்கூட வித்தியாசம் தெரியாது.

சனிக்கிழமை பங்களா ஹாலில் டைரக்டர் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா? ரொம்பப் பழசாச்சுங்களே?" என்று முதலாளி ஆவலோடு கேட்டார்.

"ஒண்ணுங் கெடலீங்க! நேத்துச் செஞ்சாப்பல இருக்குதுங்க."

"பத்து வருஷமுங்க... நல்லாப் பாத்தீங்களா?"

"ஒண்ணொண்ணாப் பாத்துட்டேனுங்க. இன்னும் பத்து வருஷம் ஆடலாமுங்க!"

டைரக்டர் ஒரு பந்தை எடுத்துத் தரையில் போட்டார். அது கூரை வரை எகிறியது. "ஃபைன்! ஃபைன்!" என்று முதலாளியின் முதுகில் தட்டிவிட்டு, காலையில் புறப்படலாம் என்று சொல்லிக் காரில் ஏறினார்.

முதலாளி நாற்காலியில் சாய்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஸ்டோர் கீப்பர் பேச்சையே காணோம். நரசிம்மலுவுக்கு ஒன்றும் ஓடவில்லை. காபி டம்ளரை எடுக்க வந்த முதலாளி மனைவி ராமாமணியிடம் மெல்லக் கேட்டார்.

"ஏனுங்கம்மா, மொதலாளிக்கு ஒடம்புக்குச் சொகமில்லீங்களா?"

"ரயில்ல அந்த மனுசன்கிட்ட நானும் கோல்ஃப் ஆடுவேன்னு அளந்துபோட்டாருங்க, மட்டையை எந்தப் பக்கம் புடிக்கறதுன்னே தெரியாது, பந்து கெட்டுப்போச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லோணும்னுதானுங்க உங்களை வரச்சொன்னதே!"